ஓயாமல் ஓடிய கம்ப்ரெஸர்: என் அனுபவம்

எங்கள் கோவைப் பட்டறையில், இயந்திரங்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரெஸர் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. "கொள்ளளவு போதவில்லை, பெரியதாக வாங்குங்கள்" என்றார் விற்பனையாளர். அவர் வேறு என்ன சொல்வார்?

விடுமுறை நாளில் மற்ற இயந்திரங்களையெல்லாம் நிறுத்திவிட்டு கம்ப்ரெஸரை மட்டும் ஓடவிட்டேன். அது காற்றை அழுத்தும் நேரத்தையும் சும்மா சுற்றும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். மற்றவை நிற்கும்போது அது அழுத்துவதெல்லாம் கசிவை ஈடுகட்டத்தான்; எனவே அழுத்தும் நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் விகிதம் தெரிந்துவிடும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்று வீணாகிக்கொண்டிருந்தது!

சோப்பு நீரும் பிரஷ்ஷுமாகக் குழாய் நெடுகத் தடவிப் பார்த்தேன். பெரிய குழாய்களில் ஒன்றுமில்லை. நுரை கொப்பளித்ததெல்லாம் ஹோஸை மாட்டிக் கழற்றும் கப்ளர்களிலும் ஹோஸ் கிளிப்புகளிலும் ஃபில்டர் கிண்ணத்தின் அடியிலும்தான். 7 பார் (1 பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்றே சுமார் 3 கிலோவாட்டை விழுங்கும். சுவிட்சைப் பூட்டி, வால்வை மூடி, குழாயில் மிஞ்சிய காற்றை வெளியேற்றிய பிறகே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களையும் கிளிப்புகளையும் மாற்றினேன். அழுத்தத்தோடு கழன்ற ஹோஸ் பாம்பாகச் சீறி முகத்தில் அடித்துவிடும்.

அடுத்து, அழுத்தத்தை 8 பாரிலிருந்து 7 பாருக்கு இறக்கினேன். 1 பார் குறைந்தால் மின்செலவு சுமார் 6, 7 சதவீதம் குறையும். வேலைப்பொருளைக் காற்றழுத்தத்தால் பற்றிக்கொள்ளும் நியூமேட்டிக் சக்கின் பிடி தளரவில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் இதைச் செய்தேன்.

புதிய கம்ப்ரெஸர் வாங்கவில்லை. சட்டைத் தூசியைக் காற்றால் ஊதிக்கொள்ளும் பழக்கத்தைத்தான் ஒழிக்க முடியவில்லை. கண்ணுக்கு ஆபத்து என்றால் யார் கேட்கிறார்கள்? ஊதுகுழல்களில் அழுத்தத்தை 2 பாருக்குக் குறைக்கும் முனைகளை மாட்டிவிட்டேன்.