எப்பிங் காட்டில் ஓடத் தொடங்குவது எப்படி? லண்டன்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட், வால்தம்ஸ்டோ பக்கம் குடியிருந்துகொண்டு நடைபாதையிலேயே ஓடிப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் சிங்ஃபர்ட் வந்துவிடும். அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், சுமார் 2,400 ஹெக்டேர் பரப்பில் எப்பிங் காடு கிடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, பூட்டுகிற வாசலும் இல்லை.

காட்டில் ஓடப் பெரிய உடற்தகுதி வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். ஓட்டமும் நடையுமாக 5 கிலோமீட்டர் போக முடிந்தால் போதும். அதைவிட முக்கியம், காலுக்குக் கீழே என்ன மண் இருக்கிறது என்று பார்க்கத் தெரிவது. அது பிடிபட்டுவிட்டால் மழைக்காலத்திலும் இங்கே நிம்மதியாக ஓடலாம்.

1. முதல் நாள் சிங்ஃபர்டில் தொடங்குங்கள்

நிலையத்திலிருந்து ரேஞ்சர்ஸ் ரோடு வழியாகப் பத்து நிமிடம் நடந்தால், மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சுவர் தெரியும் பழைய கட்டடம் ஒன்று வரும். மன்னர் எட்டாம் ஹென்றிக்காக 1543இல் கட்டிய வேட்டை மாளிகை அது. மேல்தளத்தில் நின்றுகொண்டு கீழே நடக்கும் மான் வேட்டையைப் பார்ப்பதற்காகக் கட்டியது. இப்போது முதலாம் எலிசபெத்தின் பெயரால் அழைக்கிறார்கள். இந்தப் பத்து நிமிட நடையையே உடலைச் சூடாக்கும் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து சிங்ஃபர்ட் பிளெய்ன் என்ற புல்வெளியைக் கடந்து கொனாட் வாட்டர் ஏரிக்குப் போய், ஏரியைச் சுற்றியிருக்கும் பாதையில் ஒரு சுற்று ஓடிவிட்டுத் திரும்புங்கள். மொத்தம் நான்கைந்து கிலோமீட்டர் வரும். ஏரிக்கரைப் பாதை சீராக்கப்பட்டது, வழி தவறாது. முதல் நாளுக்கு இது தாராளம்.

2. காலணி

கோடையில், நிலம் காய்ந்திருக்கும்போது, உங்களிடம் இருக்கும் சாதாரண ஓட்டக் காலணியே போதும். அக்டோபருக்கு மேல் ஓடுவதாக இருந்தால் மட்டும் ட்ரெயில் ஷூ (மண் பாதையில் ஓடுவதற்கான காலணி) வாங்குங்கள். அடியில் இருக்கும் ரப்பர் முளைகள் ஆழமாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் இடுக்கில் களிமண் அடைத்துக்கொள்ளும், அப்புறம் முளை இருந்தும் பிடிமானம் இருக்காது. தண்ணீர் புகாத வகையை நான் பரிந்துரைக்கமாட்டேன். கணுக்காலுக்கு மேல் சேறு வரும் இடங்களில் தண்ணீர் மேல்வழியாக உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும்.

3. மண்ணைப் படியுங்கள்

இந்தக் காடு லீ, ரோடிங் என்ற இரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஒரு நீண்ட மேட்டில் இருக்கிறது. மேட்டின் உச்சியில் பல இடங்களில் சரளையும் மணலும். சரிவுகளிலும் பள்ளங்களிலும் லண்டன் களிமண். உச்சியில் மழை விழுந்தால் உள்ளே இறங்கிவிடும், களிமண்ணில் அது அப்படியே நிற்கும். அதனால்தான் ஹை பீச் பக்கம் மேட்டில் கால் நனையாமல் ஓடிவிட்டு, இறக்கத்தில் இறங்கியதும் சட்டென்று வழுக்குகிறது. வழுக்குகிற இடம் எங்கே வரும் என்று முன்கூட்டியே ஊகிக்க இந்த ஒரு விஷயம் போதும்.

நல்ல மழை பெய்த வாரத்தில் மேட்டுப் பாதைகளையும், சரளை கொட்டிய அகலப் பாதைகளையும் தேர்ந்தெடுங்கள். அந்த அகலப் பாதைகளை ரைட் என்பார்கள். கொனாட் வாட்டர் பக்கமாக வடக்கே போகும் கிரீன் ரைட் அவற்றில் பழையது. 1882இல் விக்டோரியா மகாராணி காட்டை மக்களுக்குத் திறந்துவைக்க வந்ததை ஒட்டி வெட்டியது.

சேறு வந்தால் ஓரம் ஒதுங்கிப் போகாதீர்கள், நடுவிலேயே மிதித்துப் போங்கள். எல்லோரும் ஓரம் ஒதுங்கினால் வருடா வருடம் பாதை அகலமாகி, பக்கத்து மரங்களின் வேருக்கு மேலுள்ள மண் இறுகிவிடும். இன்னொன்று: ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில், குதிரைக் குளம்பு பதிந்த பள்ளங்கள் கல்லாகிக் கிடக்கும். சேற்றைவிட அதில்தான் கணுக்கால் மடங்கும். அங்கே நடந்துவிடுங்கள்.

4. மரத்தைப் பார்த்து அடியெடுத்து வையுங்கள்

ஏதாவது ஒரு பழைய ஹார்ன்பீம் மரத்தின் அருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். அடிமரம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அங்கிருந்து ஏழெட்டுக் கனத்த கிளைகள் ஒரே இடத்தில் கிளம்பி மேலே போகும். சுற்றுவட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக விறகுக்கு வெட்டிய மரம் அது. மாடும் மானும் புதுத் துளிரைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு உயரத்தில் வெட்டினார்கள். 1878இல் வந்த எப்பிங் காட்டுச் சட்டம் காட்டைப் பொதுமக்களுக்கென்று காப்பாற்றி, லண்டன் மாநகராட்சியின் பொறுப்பில் விட்டது. விறகு வெட்டும் உரிமை அத்தோடு முடிந்தது. அந்த உரிமைக்கு ஈடாகக் கட்டிய லாப்பிங் ஹால் என்ற பொதுக் கட்டடம், காட்டுக்குக் கிழக்கே லௌட்டன் ஊரில் இன்றும் இருக்கிறது. லாப்பிங் என்றால் கிளை வெட்டுவது. நாம் கேட்பாரில்லாமல் ஓட முடிவதற்கு, காட்டை வேலி போட்டு வளைக்க வந்த நில உரிமையாளர்களை எதிர்த்து நின்ற அந்த விறகுவெட்டிகளும் ஒரு காரணம்.

வெட்டுவது நின்றதும் கிளைகள் தடித்து உச்சியில் நிழல் அடர்ந்துவிட்டது. பீச் மரங்களின் கீழே புதரே அதிகம் இல்லை. பார்ப்பதற்கு ஓட வசதியான வெற்றுத் தரை. ஆனால் வேர்கள் மேலே தெரியும், அக்டோபர், நவம்பரில் சருகு விழுந்து அவற்றை மூடியும் விடும். எனவே:

- காலடியைப் பார்க்காமல், மூன்று நான்கு மீட்டர் முன்னால் பாருங்கள்.
- அடிகளைக் குட்டையாக, வேகமாக வையுங்கள். காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்குங்கள்.
- ஈர வேரின் மேல் மிதிக்காமல் தாண்டுங்கள், குறுக்காகக் கிடக்கும் வேர் சோப்பு மாதிரி வழுக்கும்.
- ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நடங்கள். அனுபவசாலிகளும் நடப்பார்கள்.

கைக்கடிகாரத்தில் வேகம் பார்ப்பதை இங்கே விட்டுவிடுங்கள். சாலையில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடுபவர் காட்டில் 8 நிமிடம் எடுத்தாலும் உழைப்பு அதேதான். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்பதுதான் அளவு.

5. வழி தவறாமல் இருக்க

உள்ளே போனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 174ஆம் எண் வரைபடம் இந்தக் காட்டுக்கானது. கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், சில பள்ளங்களில் சிக்னல் வராது. அவசர உதவி எண்ணான 999க்கு ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பி இப்போதே பதிவு செய்துகொண்டால், குரல் அழைப்பு போகாத இடத்திலிருந்தும் குறுஞ்செய்தி மூலம் உதவி கேட்கலாம். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மதியம் இரண்டுக்குள் கிளம்பிவிடுங்கள்.

6. காடு உங்களுடையது மட்டுமல்ல

குதிரை வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். பின்னாலிருந்து நெருங்கினால் குரல் கொடுங்கள், சத்தமில்லாமல் ஓடிவரும் ஆளைக் கண்டால் அது மிரளும். நீண்ட கொம்புள்ள லாங்ஹார்ன் மாடுகள் வேலியில்லாமல் மேயும். கழுத்துப் பட்டையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிதான் அவற்றுக்கு வேலி. சாதுவானவை, ஆனால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகுந்து ஓட வேண்டாம். லௌட்டன் கேம்ப், ஆம்பிரஸ்பரி பேங்க்ஸ் இரண்டும் இரும்புக் காலத்து மண்கோட்டைகள். அவற்றின் கரைமேட்டில் ஏறி இறங்கி ஓடாதீர்கள், மண் சரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, சாக்ஸ் ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்று உண்ணிக் கடியால்தான் பரவுகிறது. ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள்.

7. அடுத்தது

ஏரிச் சுற்று பழகியபின் கிரீன் ரைடில் போய் அதே வழியில் திரும்புங்கள், வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். பத்துக் கிலோமீட்டர் கைவந்ததும் சிங்ஃபர்டில் தொடங்கி, காட்டின் நீளத்தில் வடக்கே ஓடி எப்பிங் ஊரில் முடியுங்கள். நடுவில் ஹை பீச்சில் தேநீர்க் கடை இருக்கிறது. முடியாவிட்டால் கிழக்கே இறங்கினால் லௌட்டன், தெய்டன் பாய்ஸ் என்று சென்ட்ரல் லைன் நிலையங்கள் இருக்கின்றன, எங்கே வேண்டுமானாலும் ஓட்டத்தை முடித்துக்கொள்ளலாம். சேற்றுக் காலணியைப் போட்டுக்கொள்ள ஒரு பையும் மாற்று சாக்ஸும் மட்டும் முதுகுப்பையில் இருக்கட்டும்.