எலியாவோடு போய் எலிசாவோடு திரும்புவது: 2 இராஜாக்கள் 2-ஐ வேதபாடமாக நடத்த ஒரு வழி

"அடுத்த வாரம் எலியா பரலோகத்துக்குப் போனதை நீங்க எடுத்துடுங்க" என்று வாலிபர் கூட்டத்தில் உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? பயப்பட வேண்டாம், மொத்தம் 25 வசனம்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் செய்கிற ஒரு தப்பை நீங்கள் செய்யாதீர்கள். 11-ம் வசனத்தில் எலியா மேலே போனதும் அல்லேலூயா சொல்லி வேதத்தை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் 14 வசனம் பாக்கி இருக்கிறது, பாதிக்கும் மேலே.

ஆரம்பத்திலேயே இந்த அதிகாரத்துக்குள் குதிக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19-க்குப் போங்கள். ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே என்று சாவைக் கேட்ட எலியாவுக்கு ஓரேப் மலையில் மூன்று வேலை கொடுக்கப்படுகிறது: ஆசகேலைச் சீரியாவுக்கு ராஜாவாக, யெகூவை இஸ்ரவேலுக்கு ராஜாவாக, எலிசாவைத் தன் இடத்தில் தீர்க்கதரிசியாக அபிஷேகம் செய்ய வேண்டும். இந்த மூன்று பெயரையும் பலகையில் எழுதி, கூட்டம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். ஏனென்றால் எலியா தன் கையால் செய்தது இதில் ஒன்றே ஒன்றுதான், அதிலும் எண்ணெய் ஊற்றியதாக இல்லை, போகிற போக்கில் தன் சால்வையை எலிசாமேல் போட்டார், அவ்வளவுதான். ஆசகேல் ராஜாவாவான் என்று தமஸ்குவில் அவனிடமே சொன்னது எலிசா (2 இராஜாக்கள் 8). யெகூவின் தலையில் எண்ணெய் ஊற்றியது எலிசா அனுப்பிய ஓர் இளைஞன் (2 இராஜாக்கள் 9). எலிசாவுக்குக் கைமாறியது அற்புத சக்தி மட்டும் இல்லை, முடியாமல் கிடந்த வேலையும்தான். நான் இந்தப் பாடத்தை எப்போது எடுத்தாலும் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் போவேன்.

அந்த அதிகாரத்தை விட்டு வருவதற்கு முன், எலிசா எந்த நிலையிலிருந்து வந்தார் என்பதையும் காட்டிவிடுங்கள். பன்னிரண்டு ஏர் ஓடுகிற நிலத்தில் பன்னிரண்டாவது ஏரைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தவர், ஆகவே வசதியான வீடு. அப்படிப்பட்டவர் ஒரு ஜோடி மாட்டை அடித்து, ஏரின் மரத்தையே விறகாக்கிச் சமைத்து, ஜனங்களுக்குப் பரிமாறிவிட்டுக் கிளம்புகிறார். திரும்பி வந்து உழலாம் என்ற யோசனைக்கே இடமில்லை. பிற்பாடு அவரை ஒருவன் ராஜாக்களுக்கு அறிமுகம் செய்யும்போது, எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவர் என்றுதான் சொல்கிறான் (2 இராஜாக்கள் 3:11). இடையில் அவரைப் பற்றிக் கிடைக்கிற ஒரே தகவல் அதுதான்.

சரி, இப்போது 2 இராஜாக்கள் 2-ம் அதிகாரம். வாசிக்கும்போதே பலகையின் இன்னொரு பக்கத்தில் ஊர்ப்பெயர்களை வரிசையாகப் போடுங்கள். போகும்போது கில்கால், பெத்தேல், எரிகோ, யோர்தான், அக்கரை. வரும்போது யோர்தான், எரிகோ, பெத்தேல். போன பாதையிலேயே திரும்புகிறார்கள், ஆனால் போனது இரண்டு பேர், வந்தது ஒருவர். மலைநாட்டுப் பெத்தேலிலிருந்து, கடல்மட்டத்துக்கும் சுமார் 250 மீட்டர் கீழே கிடக்கிற எரிகோவுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம் என்பதைச் சொன்னால், "நீ இங்கே இரு" என்று ஒவ்வொரு ஊரிலும் எலியா சொன்னபோது கூடவே நடப்பது சும்மா வாய்ப்பேச்சு இல்லை என்பது பிள்ளைகளுக்குப் புரியும். இரண்டு ஊரிலும் தீர்க்கதரிசிகளின் புத்திரர், அதாவது தீர்க்கதரிசிகளின் சீடர் கூட்டத்தார், எலிசாவிடம் வந்து, இன்றைக்குக் கர்த்தர் உன் எஜமானை எடுத்துக்கொள்வார் தெரியுமா என்று கேட்கிறார்கள், இவரும் எனக்குத் தெரியும், சும்மா இருங்கள் என்கிறார். துக்க வீட்டுக்கு வந்து தேவையில்லாமல் பேசுகிறவர்களிடம் நாம் சொல்கிற தொனி அது, அப்படியே வாசியுங்கள்.

யோர்தானில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எலியா சால்வையை முறுக்கித் தண்ணீரை அடிக்கிறார், அது பிரிகிறது, இருவரும் உலர்ந்த தரையில் நடந்து கிழக்குக் கரைக்குப் போகிறார்கள். மோசே கடைசியாகப் பார்க்கப்பட்டது இதே பக்கம்தான், எரிகோவுக்கு எதிரே உள்ள நேபோவில், அவருடைய கல்லறையையும் யாரும் அறியவில்லை. மோசேக்கு அப்புறம் யோசுவா இதே ஆற்றை மேற்கு நோக்கிக் கடந்தார், எலியாவுக்கு அப்புறம் எலிசாவும் மேற்கு நோக்கித்தான் கடக்கிறார். இதை நீங்களே சொல்லிவிடாதீர்கள், "இந்த மாதிரி வேறு எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் பிடித்துவிடுவார்.

அடுத்து 'இரட்டிப்பான வரம்': நான் போகுமுன் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று எலியா கேட்டதற்கு, உம்முடைய ஆவியின் வரம் எனக்கு இரட்டிப்பாய்க் கிடைக்கட்டும் என்று எலிசா கேட்டது. எலியா எட்டு அற்புதம், எலிசா பதினாறு என்று எண்ணிக் காட்டுகிற பிரசங்கம் நிறையக் கேட்டிருப்பீர்கள். எண்ணுகிற விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் கணக்கும் மாறிவிடும், அதனால் அந்த விளையாட்டில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உபாகமம் 21:17-ஐத் திறங்கள். சொத்தைப் பிரிக்கும்போது தலைமகனுக்கு இரண்டு பங்கு என்கிறது அந்தச் சட்டம். எலிசா கேட்கிற சொல்லும் அதுதான், அதாவது உம்மைவிட இரண்டு மடங்கு பெரியவனாக என்னை ஆக்கும் என்பதில்லை, என்னை உம்முடைய மூத்த மகனாக வையும் என்பது. அதனால்தான் எலியா மேலே போகும்போது அவர் வாயிலிருந்து வருவது "என் தகப்பனே, என் தகப்பனே". மூத்த மகன் என்றால் பங்கு மட்டுமா வரும், பொறுப்பும் சேர்ந்துதானே வரும். பலகையில் இருக்கிற ஆசகேலையும் யெகூவையும் இந்த இடத்தில் ஒரு தடவை விரலால் காட்டுங்கள்.

ரதத்துக்கு வருவோம். முதல் தடவை இதை ஓய்வுநாள் பள்ளியில் எடுத்தபோது, நான் பெரிய சார்ட்டில் எலியா அக்கினி ரதத்தில் உட்கார்ந்து டாட்டா காட்டுகிற மாதிரி படம் வரைந்து கொண்டுபோனேன். ஒரு பொடியன் எழுந்து, "அண்ணா, ரதத்துல ஏறினார்னு எங்க போட்டிருக்கு?" என்றான். திரும்ப வாசித்தேன். ரதமும் குதிரைகளும் இருவருக்கும் நடுவே வந்து அவர்களைப் பிரிக்கின்றன, எலியா ஏறிப்போவது சுழல்காற்றில். முதல் வசனத்திலேயே சுழல்காற்று என்றுதான் இருக்கிறது. ரதத்தில் ஏறிப்போகிற படம் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது, சீராக் என்ற பழைய யூத ஞான நூலின் 48-ம் அதிகாரத்திலேயே அக்கினிக் குதிரைகள் பூட்டிய ரதம் வந்துவிடுகிறது, அதனால் அந்தப் படத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கூட்டத்தில் 2:11-ஐ இரண்டு தரம் சத்தமாக வாசிக்க வையுங்கள்.

சால்வை என்றதும் நம் ஊரில் மேடையில் போர்த்துகிற சால்வை ஞாபகத்துக்கு வந்துவிடும், அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இது தீர்க்கதரிசியின் மேலங்கி, ஓரேபில் மெல்லிய சத்தத்தைக் கேட்டபோது எலியா முகத்தை மூடிக்கொண்டது இதைக் கொண்டுதான். இப்போது யாரும் போர்த்திவிடவில்லை, தரையில் விழுந்து கிடக்கிறது. எலிசா முதலில் தன் சொந்த உடையை இரண்டாகக் கிழிக்கிறார், அப்புறம் குனிந்து அதை எடுக்கிறார், ஆற்றங்கரைக்குப் போய், "எலியாவின் தேவனாகிய கர்த்தர் எங்கே" என்று கேட்டுத் தண்ணீரை அடிக்கிறார். துணியிடம் கேட்கவில்லை பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். ஐம்பது பேர் மூன்று நாள் எலியாவைத் தேடி வெறுங்கையோடு வருகிறார்கள். எரிகோவின் கெட்ட தண்ணீர் உப்புப் போட்டதும் ஆரோக்கியமாகிறது (யோசுவா அந்த ஊரைச் சபித்ததை நினைவூட்டுங்கள், பழைய எரிகோவின் மேடான தெல் எஸ்-சுல்தானின் அடியில் ஓடுகிற ஊற்றை இன்றும் எலிசாவின் ஊற்று என்கிறார்கள்). அப்புறம் அந்தக் கரடிகள்: பெத்தேலுக்குப் போகிற வழியில் கேலி செய்த சிறு பிள்ளைகளை எலிசா சபிக்க, இரண்டு கரடிகள் வந்து அவர்களில் நாற்பத்திரண்டு பேரைப் பீறிப்போடுகின்றன. இதைத் தாண்டிக் குதிக்கப் பார்க்காதீர்கள், கட்டாயம் ஒருவர் கேட்பார். பெரியவர்களைக் கிண்டல் பண்ணினால் கரடி வரும் என்று குழந்தைகளை மிரட்டவும் இதைப் பயன்படுத்தாதீர்கள். 'சிறு பிள்ளைகள்' என்பதற்கு எபிரேயத்தில் உள்ள சொற்களாலேயே சாலொமோன் ராஜாவான பிறகும் தன்னைச் சொல்லிக்கொள்கிறான், ஆகவே அவர்களின் வயதை அந்தச் சொற்களை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. அவர்கள் கத்தியது "ஏறிப்போ" என்று, எலியா ஏறிப்போனதற்கு அப்புறம். இவ்வளவும் சொன்ன பிறகும் நாற்பத்திரண்டு பேர் என்பது உறுத்தும். உறுத்தட்டும், சமாதானம் சொல்லி மூடவேண்டியதில்லை.

எலியா திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பைக் கேட்டால் மல்கியா 4:5-ஐக் காட்டுங்கள். பஸ்கா இரவில் யூத வீடுகளில் இன்றும் எலியாவுக்கென்று ஒரு கிண்ணம் வைத்துக் கதவைத் திறக்கிறார்கள். நேரம் இல்லையென்றால் இதை விட்டுவிடலாம்.

கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2 இராஜாக்கள் 13:14-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். எலிசா வியாதியாய்க் கிடக்கிறார், ரதமும் வரவில்லை, காற்றும் வரவில்லை, யார்மேலும் சால்வை போடவும் இல்லை. ராஜா யோவாஸ் அவர் முகத்தின்மேல் விழுந்து அழுது, "என் தகப்பனே, என் தகப்பனே, இஸ்ரவேலுக்கு இரதமும் குதிரைவீரருமாயிருந்தவரே" என்கிறான், எலிசா அன்றைக்குக் கத்தின அதே வார்த்தைகள். இந்த யோவாஸ் யாருடைய பேரன் என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழிப்பார்கள், பலகையைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள், யெகூவின் பெயர் அங்கேயேதான் இருக்கும்.