சைலன்சர் மாற்றம்: தவறுகள் தொடங்கும் இடம் சிலிண்டர் ஹெட்

ஸ்பேனருக்கு அடங்காமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்த நட்டு திடீரென்று இளகியது. துரு விட்டுவிட்டது என்று ஒரு நொடி மகிழ்ந்தேன். உள்ளங்கையில் வந்து விழுந்தபோதுதான் தெரிந்தது, நட்டோடு சேர்ந்து, அது மாட்டியிருந்த மரைக்கம்பியான ஸ்டட்டின் பாதியும் முறிந்து வந்திருக்கிறது. மீதிப் பாதி இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் தங்கிவிட்டது. புதிய சைலன்சரை அன்று பெட்டியிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை. சிக்கிய துண்டை லேத் பட்டறையில் துளையிட்டு எடுத்து, மரையைச் சரிசெய்து, வண்டி மறுபடி ஓடுவதற்குப் பதினோரு நாள் ஆனது.

அன்றிலிருந்து, கம்பெனி சைலன்சரை எடுத்துவிட்டு வேறொன்று மாட்டப்போவதாக யார் சொன்னாலும், "ஹெட்டில் இருக்கும் நட்டுகள் எப்படி இருக்கின்றன, பார்த்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வாங்குபவரின் கண்ணும் காதும் வண்டியின் பின்னால் இருக்கும் பளபளப்பான குழலிலேயே நின்றுவிடுகின்றன. பெரும்பாலான கோளாறுகளோ முன்பக்கத்தில், புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் வளைந்த குழாயான பெண்ட் பைப் இன்ஜினோடு சேரும் அந்த இரண்டு விரல் அகல இடத்தில் தொடங்குகின்றன.

பெரிய வண்டிகள் பலவற்றில் பின்பாதியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம். அப்படியானால் ஹெட்டைத் தொடவே வேண்டாம், ஆபத்தும் குறைவு. சிறிய வண்டிகளில் பெண்ட் பைப்பும் சைலன்சரும் பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்கும். உங்களுடையது எந்த வகை என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே குனிந்து பார்த்துவிடுங்கள்.

நட்டும் கேஸ்கெட்டும்

ஹெட் அலுமினியத்தால் ஆனது; ஸ்டட் இரும்பு. ஆயிரக்கணக்கான முறை சூடேறி ஆறி, மழையும் சேறும் பட்டு, இரண்டும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டிருக்கும். நேராக ஸ்பேனரை மாட்டி முழு பலத்தோடு இழுப்பதுதான் முதல் தவறு. முந்தைய நாளே கம்பி பிரஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் இன்னொரு முறை விடுங்கள். இன்ஜின் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது கழற்றுவது நல்லது. அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால் பிடி சற்றுத் தளரும். நட்டின் ஆறு முகங்களையும் பிடிக்கும் சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். முதலில் இறுக்கும் திசையில் ஓர் இழை, பிறகு கழற்றும் திசையில் கால் சுற்று, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே என்று பொறுமையாக நகர்த்த வேண்டும். கிறீச்சென்ற சத்தத்தோடு அசைந்தால் பரவாயில்லை. சத்தமே இல்லாமல் மிட்டாய்போல வளைந்துகொடுத்தால் கையை எடுத்துவிடுங்கள். ஸ்டட் முறுகத் தொடங்கிவிட்டது.

பெண்ட் பைப் வெளியே வந்ததும் டார்ச் அடித்து அந்தத் துவாரத்துக்குள் பாருங்கள். இணைப்பில் புகை கசியாமல் மூடும் வளையமான பழைய கேஸ்கெட் அங்கேதான் இருக்கும். கரியோடு கரியாக ஒட்டி, ஹெட்டின் ஒரு பகுதிபோலவே தெரியும். இந்த வண்டிக்குக் கேஸ்கெட்டே கிடையாது என்று நம்பி அதன்மேலேயே புதியதை வைத்து இறுக்கியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தால் குழாய் கோணலாகத்தான் அமரும். வளைந்த முனையுள்ள கம்பியால், அலுமினியத்தில் கீறல் விழாமல், பழையதை நெம்பி எடுங்கள். எடுத்ததை மறுபடி போடாதீர்கள். அந்த வளையம் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. ஒருமுறை நசுங்கி மூடியது இன்னொரு முறை அதே இறுக்கத்தில் மூடாது.

கேஸ்கெட் சரியாக மூடாவிட்டால் அங்கே கசியும். இவ்வளவு சிறிய கசிவுக்கு ஏன் இத்தனை கவலை என்று தோன்றலாம். புகை குழாயில் ஆற்று நீர்போல ஒரே சீராக ஓடுவதில்லை. துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னாலும் ஓர் உறிஞ்சல் வரும். அந்த நேரத்தில் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கீழே காத்திருக்கும் ஆக்சிஜன் சென்சார், அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று வண்டியின் கணினிக்குச் சொல்லும். கணினி பெட்ரோலைக் கூட்டும். பிளக் கறுக்கும், மைலேஜ் குறையும். உரிமையாளர் புதிய சைலன்சரைத் திட்டுவார். ஆக்சிலரேட்டரை விடும்போது கேட்கும் படபட வெடிப்புக்கும் பல நேரங்களில் இந்தக் கசிவே காரணம். அதை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டால் நான் முதலில் கேஸ்கெட்டைத்தான் சந்தேகிப்பேன்.

இறுக்கும் வரிசை

மாட்டும்போது எதையும் உடனே முழுதாக இறுக்க வேண்டாம். எல்லா நட்டுகளையும் கையால் முடுக்கி, குழாய் தன் போக்கில் உட்காரும்படி விடுங்கள். பிறகு ஹெட்டில் உள்ள இரண்டு நட்டுகளையும் மாறி மாறி, சமமாக, கையேடு சொல்லும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்குங்கள். அடுத்து இணைப்புகளில் உள்ள கிளாம்ப்கள். கடைசியாகத்தான் சைலன்சரை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கனமான சைலன்சர் தொங்குகிறதே என்று முதலில் பின் போல்ட்டை இறுக்கிவிடுவார்கள். முன்பக்கத் துவாரம் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், நட்டை இறுக்கி இறுக்கியே குழாயை இழுத்துப் பொருத்துவார்கள். அந்த இழுவிசை குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். சில மாத அதிர்வுக்குப் பிறகு பிராக்கெட் அருகே வெல்டிங் விரிசல் விடும்போது, மட்டமான தயாரிப்பு என்ற பழி விழும்.

ஸ்பிரிங் வைத்த இணைப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் நீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயின் சூடு 400 டிகிரி செல்சியஸ் ஏறினால், அது சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் ஸ்பிரிங். அது தளர்வாக ஆடுகிறது என்று கம்பி சுற்றி இறுக்குவதும், இன்னும் மோசமாக அந்த இடத்தைப் பற்றவைப்பதும் குழாய்க்கு நீள வழியில்லாமல் செய்துவிடும்.

சென்சாரைக் கழற்றும் முன் அதன் ஒயர் பிளக்கைப் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் சுற்றினால் உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துபோகும். இணைப்புகளில் பூசும் பசையிலும் கவனம் வேண்டும்: சாதாரண சிலிக்கோன் பசையிலிருந்து வரும் ஆவி சென்சாரின் முனையில் படிந்து அதைக் கெடுத்துவிடும். புதிய குழாயில் சென்சார் மாட்ட இடமே இல்லையென்றால், அதை வாங்காதீர்கள். சென்சாரைக் கட்டித் தொங்கவிட்டு ஓட்டுவது கணினியின் கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம்.

குழாய் பெரிதானால் வேகம் கூடுமா?

கம்பெனி சைலன்சர் இன்ஜினின் மூச்சை அடைக்கிறது, உள்ளே காலியாக இருந்தால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. இதற்கு எதிரணியில் இன்னொரு நம்பிக்கை: எதிரழுத்தம் இருந்தால்தான் பிக்கப் வரும் என்பது. இரண்டுமே பாதி உண்மைதான்.

நிமிடத்துக்கு 6,000 சுற்று (ஆர்பிஎம்) வேகத்தில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு நொடிக்கு 50 முறை திறக்கிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை, அந்தச் சூட்டில் நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் குழாயில் ஓடுகிறது. குழாய் திடீரென்று அகலமாகும் இடத்தை அது தொட்டதும், உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் இந்த அலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் கலவையையும் உள்ளே வரவழைத்துவிடும். நேரம் தவறினால் இந்த உதவி கிடைக்காது. அலை எப்போது திரும்பும் என்பதைக் குழாயின் நீளமும், புகை எவ்வளவு வேகமாக நகரும் என்பதை அதன் விட்டமும் தீர்மானிக்கின்றன. அகலமான குழாயில் புகை மந்தமாக நகரும். உச்ச ஆர்பிஎம்மில் கொஞ்சம் கிடைக்கலாம். தினசரி ஓட்டத்துக்குத் தேவையான கீழ், நடு ஆர்பிஎம் இழுவை போய்விடும். எதிரழுத்தம் போனதால் பிக்கப் போனது என்று மக்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் போனது வேகமும் நேரப் பொருத்தமும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இது இன்னும் கூர்மையானது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் இந்த அலைகளைப் பயன்படுத்தும் வயிறு பருத்த எக்ஸாஸ்ட் குழாயைச் செம்மைப்படுத்தினார். வெளியே தப்பிய புதுக் கலவையை, திரும்பி வரும் அலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அந்த நிறுவனத்தின் பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961ஆம் ஆண்டு நாட்டைவிட்டுத் தப்பி, அந்த அறிவோடு சுசூகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகச் சாம்பியன் பட்டம் சுசூகிக்குக் கிடைத்தது. அவ்வளவு மதிப்புள்ள ஒரு வடிவத்தை, அளவு தெரியாமல் கண்ணுக்குப் பிடித்த வேறொரு குழாயால் மாற்றுவது பிஸ்டனோடு விளையாடுவது. கலவை மெலிந்து பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக்கொண்டால், ஓடும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கார்புரேட்டர் வண்டியில் புகை வெளியேறும் அளவு கூடினால் பெட்ரோல் பாயும் துளையான ஜெட்டின் அளவைச் சரிபார்க்க வேண்டும். கொஞ்சம் ஓட்டிய பின் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் கலவை மெலிவு. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கணினி எல்லாவற்றையும் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று சொல்வார்கள். பொதுவான வண்டிகளில் அது தன்னைத் திருத்திக்கொள்வது சீரான, மிதமான ஓட்டத்தில் மட்டும். முழு ஆக்சிலரேட்டரில் சென்சாரைக் கேட்காமல், ஆலையில் எழுதிவைத்த அட்டவணைப்படியே பெட்ரோல் விடும். பின்பாதியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. லாபமும் பெரிதாக இருக்காது, எடையும் ஒலியும்தான் மாறும். பெண்ட் பைப் முதல் முழுவதையும் மாற்றினால் அந்த அட்டவணையை மாற்றி எழுதும் மேப்பிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்து போகிறது என்றால், நச்சுப் புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் உறுப்பே வண்டியிலிருந்து போகிறது. பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். பெரும்பாலான நாடுகளில் சட்டமும் விடாது.

சத்தம்

டெசிபல் கணக்கு நேர்க்கணக்கு இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 94 டெசிபலில் அது ஒரு மணி நேரமாகவும், 100 டெசிபலில் கால் மணி நேரமாகவும் சுருங்கிவிடும். கடையில் ஒரு நிமிடம் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும் ஒலியை, ஐந்து மணி நேரப் பயணத்தில் முதலில் சுமக்கப்போவது ஓட்டுபவரின் காது. வழியில் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் அதே சத்தம்தான் போய்ச் சேரும். சைலன்சரின் வாயில் செருகியிருக்கும் சத்தக் குறைப்புத் துண்டைக் கழற்றி வைப்பவர்கள், அதை வைத்துத்தான் அந்தச் சைலன்சர் சோதிக்கப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். கழற்றினால் ஒலியும் மாறும், புகையின் ஓட்டமும் மாறும். சைலன்சரின் உடலில், சாலைக்கு அனுமதி பெற்றதைக் காட்டும் முத்திரையாக வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கிறதா, பந்தயத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன்பும் பின்பும்

இன்ஜினை உயிர்ப்பிக்கும் முன் குழாய் முழுவதையும் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ஒருமுறை அவசரத்தில் நான் துடைக்கவில்லை. புதிய ஸ்டெயின்லெஸ் குழாய் சூடேறி வைக்கோல் நிறத்துக்கு மாறியபோது, வளைவின் மேல் என் கட்டைவிரல் ரேகை கோடு கோடாக, பழுப்பு நிறத்தில் எழுந்து வந்தது. கை எண்ணெய் உலோகத்திலேயே சுட்டுப் பதிந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தும் முழுதாகப் போகவில்லை.

வண்டியின் மேல் ஒருவரை உட்காரவைத்து அழுத்தச் சொல்லி, சைலன்சர் சக்கரத்திலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ உரசுகிறதா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் மடங்கும்போது முட்டி நிற்கும் ரப்பர் சில வண்டிகளில் பழைய சைலன்சரில்தான் இருக்கும். அது போனால் ஸ்டாண்ட் எங்கே போய் இடிக்கும் என்று கவனியுங்கள். பின் பிரேக் குழாய்க்கும் பக்கப் பைக்கும் சூடு படாத தூரம் வேண்டும்.

முதல் ஸ்டார்ட் திறந்தவெளியில் இருக்கட்டும். மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் சேரும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறையோடு துணியால் சைலன்சரின் வாயைச் சில நொடிகள் மூடுங்கள். எந்த இணைப்பு கசிந்தாலும் உஸ்ஸென்று காட்டிக்கொடுக்கும். முதல் நாள் லேசாகப் புகைந்தால் பயம் வேண்டாம், தயாரிப்பு எண்ணெய் எரிகிறது. சுமார் 100 கி.மீ. ஓடியபின், முழுதாக ஆறவிட்டு எல்லா நட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள். கேஸ்கெட் படிந்திருக்கும், நட்டு சற்றுத் தளர்ந்திருக்கும். இணைப்பைச் சுற்றிக் கறுப்புக் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிவு உண்டு.

பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சோதனைக்கோ விற்பனைக்கோ வண்டி போகும் நாளில் அது தேவைப்படும். இரு வாய்களையும் துணியால் அடைத்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அதன் போல்ட்களையும் ரப்பர் புஷ்களையும் ஒரு பையில் போட்டு அதனோடு கட்டுங்கள். அந்தப் பைக்குள் இப்போதே ஒரு புதிய கேஸ்கெட்டையும் வாங்கிப் போட்டுவிடுங்கள்.