பறப்பும் கோப்பும்: விமானப்படைக்குப் போகும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு

குன்னூரில் என்னைப் பார்க்கும் பிள்ளைகள் ஹெலிகாப்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள்; மெஸ் (அதிகாரிகளின் உணவு விடுதி) கணக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் டுண்டிகல் விமானப்படை அகாடமியில் விமானிக்கான விங்ஸ் (சிறகுச் சின்னம்) குத்தப்படும் அதே அணிவகுப்பில்தான் அதிகாரி என்ற கமிஷனும் (நியமனமும்) கிடைக்கிறது. ஸ்குவாட்ரனுக்கு (பறக்கும் யூனிட்டுக்கு) போனதும் ஏர்மேன்களின் (அதிகாரி அல்லாத படைவீரர்களின்) விடுப்பு, விளையாட்டுப் பொறுப்பு, விசாரணைக் குழு என ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். பறக்கத்தானே வந்தோம் என்று முகம் சுளிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விங் கமாண்டர் வரை பணிக்காலம் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். குரூப் கேப்டன் பதவிக்குத் தேர்வு வாரியம் உண்டு. அங்கே லாக் புக்கில் (பறப்புப் பதிவேட்டில்) உள்ள மணிக்கணக்கை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

முதலில், பறப்புக்கும் கோப்புக்குமாக ஒரு நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நம் மலையில் இதற்கு வானிலையே வழிகாட்டும். காலையில் பளிச்சென்று தெரியும் பள்ளத்தாக்கு, பத்து பதினொரு மணிக்குமேல் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து ஏறும் மேகத்தில் மறைந்துவிடக்கூடும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த ஹெலிகாப்டர் விழுந்ததற்கு, வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் நுழைய நேர்ந்ததே காரணம் என்று முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு கூறியது. ஆகவே காலை பறப்புக்கு, பிற்பகல் கோப்புக்கு. விசாரணைச் சாட்சிகளையும் மதியத்துக்குமேல் வரச் சொல்லுங்கள். இரவுப் பறப்பு உள்ள வாரங்களில் இந்த ஒழுங்கை மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது காலையில் தூங்குவதும் கடமைதான், அலுவலகத்தில் தலையைக் காட்ட வேண்டுமென்று எழுந்து போகாதீர்கள்.

அடுத்தது, எஃப்-700. புறப்படுமுன் விமானி கையெழுத்திட்டு ஹெலிகாப்டரை ஏற்றுக்கொள்ளும் பதிவேடு அது. எவ்வளவு எரிபொருள் ஊற்றியிருக்கிறார்கள், முந்தைய விமானி என்ன குறை எழுதினார், அதைச் சரிசெய்ததாக யார் கையெழுத்திட்டிருக்கிறார் என்று வரிவரியாக விரல் வைத்துப் படிக்க வேண்டும். காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு அட்ஜுடன்டுக்கு (யூனிட்டின் நிர்வாக அதிகாரிக்கு) பதில் சொல்லியபடி இதில் கையெழுத்திடும் விமானியோடு நான் ஏற மாட்டேன். பிரீஃபிங்குக்கு (பறப்புக்கு முந்தைய விளக்கக் கூட்டத்துக்கு) போகுமுன் நிலுவையில் உள்ள வேலைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அலுவலகத்திலேயே வைத்துவிடுங்கள். கைப்பேசி லாக்கரில் இருக்கட்டும். குன்னூர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. சமவெளியில் தூக்கிய பாரத்தை இங்கே அதே எஞ்சின் தூக்காது. அந்தக் கணக்கைப் போடும் தலையில் மெஸ் பாக்கிக்கு இடம் கிடையாது.

கோப்பு வேலையைப் பொறுத்தவரை, அலுவலகத்தில் உள்ள மூத்த சார்ஜென்டிடம் கேளுங்கள். விதிமுறைகள் அவருக்கு அத்துபடி. கூச்சம் வேண்டாம். ஆனால் அவர் நீட்டும் எதையும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். மெஸ் கணக்கை அன்றன்றே எழுதிவிடுங்கள், அவ்வளவுதான்.

மனம் சரியில்லாத நாளும் வரும். உங்கள் யூனிட்டைச் சேர்ந்த ஒருவரின் மரணம் பற்றிய விசாரணையில் உட்கார்ந்துவிட்டு நேராகக் காக்பிட்டுக்குப் போகச் சொன்னால், ஃப்ளைட் கமாண்டரிடம் (உங்கள் பறப்புகளைத் திட்டமிடும் மூத்த விமானியிடம்) "சார், இன்று என்னை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல கமாண்டர் அன்றைய பறப்புப் பலகையில் உங்கள் பெயரை அழித்து வேறு பெயரை எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

கடைசியாக வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ், முப்படை அதிகாரிகளும் சேர்ந்து படிக்கும் கல்லூரி. ஸ்குவாட்ரன் லீடர் ஆனபின் நுழைவுத் தேர்வு எழுதி வர வேண்டிய படிப்பு, ஏறக்குறைய ஓராண்டு. முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம் கிடைக்கும். பறப்பு கிடையாது. கை மறந்துவிடும் என்று பயந்து தேர்வைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளாதீர்கள், போங்கள். தரைப்படையும் கடற்படையும் ஹெலிகாப்டரிடம் என்ன எதிர்பார்க்கின்றன என்பதை ஒரே வகுப்பில் உட்கார்ந்து கேட்க அங்கேதான் முடியும். (கோல்ஃப் மட்டும் கற்றுக்கொண்டு திரும்பியவர்களும் உண்டு.) வாரம் ஒருநாளாவது அவசரகால நடவடிக்கைகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யூனிட்டுக்குத் திரும்பியதும் பழைய மணிக்கணக்கைக் காட்டி உடனே ஹெலிகாப்டரின் கேப்டன் (தலைமை விமானி) இருக்கையைக் கேட்காமல், பயிற்றுநர் ஒருவரோடு பறந்து அவர் சரி என்று எழுதித் தந்தபிறகு உட்காருங்கள். அவர் வயதில் உங்களுக்கு இளையவராக இருந்தாலும் சரி.