கேம்ப்ஃபயர் தணலில் சாக்லேட் வாழைப்பழம்: முதன்முறை செய்பவர்களுக்கு

இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். நெருப்பும் தணிந்துகொண்டு வரும். எழுந்துபோக யாருக்கும் மனம் வராது. இந்த இனிப்பைச் செய்ய அதுதான் சரியான நேரம், ஏனென்றால் நமக்கு வேண்டியதே அந்தத் தணிந்த நெருப்புதான்.

முதல் தடவை நான் செய்தபோது கொழுந்துவிட்டு எரிந்த விறகுக்கு நடுவிலேயே பொட்டலங்களைச் செருகிவிட்டேன். ஃபாயில் ஓட்டை விழுந்தது, ஒரு பக்கம் கரியாகிவிட்டது, மறுபக்கம் சூடுகூட ஏறவில்லை. பழத்திலோ சாக்லேட்டிலோ குறையில்லை. காத்திருக்காததுதான் தவறு. அதனால் இங்கே பழத்தைப் பற்றி எவ்வளவு சொல்கிறேனோ, அதே அளவுக்குத் தணலைப் பற்றியும் சொல்கிறேன்.

தேவையானவை (4 பேருக்கு)

வாழைப்பழம் 4, டார்க் சாக்லேட் 80 கிராம், பொடியாக உடைத்த பாதாம் அல்லது வால்நட் ஒரு கைப்பிடி, உப்பு ஒரு சிட்டிகை. கருவிகள் என்றால் அலுமினியம் ஃபாயில், நீளமான இடுக்கி, சின்னக் கத்தி, ஆளுக்கொரு ஸ்பூன். ஒரு வாளித் தண்ணீரும் வேண்டும். அது நெருப்பு மூட்டுவதற்கு முன்பே பக்கத்தில் இருக்கட்டும்.

பழம் நல்ல மஞ்சளாக, தோலில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்ததாக இருக்க வேண்டும். பச்சை மாறாத காயில் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறியிருக்காது. சுட்டால் மாவு மாவாக இருக்கும், இனிக்காது. ரொம்பவும் கனிந்தது சூடு பட்டதும் கூழாகிவிடும். தோல் தடித்த பழமாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தோல்தான் நமக்குக் கிண்ணம்.

மில்க் சாக்லேட்டைவிட டார்க் சாக்லேட்டைத்தான் நான் சொல்வேன். சுட்ட வாழைப்பழம் தானாகவே அவ்வளவு இனிக்கும், அதற்கு லேசான கசப்புத் துணை வேண்டும். சாக்லேட்டில் உள்ள கோக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். எனவே சாக்லேட் இருக்கும் பையை நெருப்பருகே வைக்காதீர்கள்.

முதலில் தணல்

நன்றாகக் காய்ந்த, மணிக்கட்டுப் பருமனுள்ள கெட்டி விறகாகப் பாருங்கள். கெட்டி மரம் மெதுவாக எரிந்து, நின்று கனலும் கங்குகளைத் தரும். பைன் போன்ற பிசின் மரங்கள் படபடவென்று எரிந்து புகையும் கரியும்தான் மிஞ்சும். பெயின்ட் அடித்த பலகை, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய கட்டை, பிளைவுட் இவற்றை உணவு சமைக்கும் நெருப்பில் போடவே கூடாது. பெயர் தெரியாத மரத்தின் கிளையும் வேண்டாம். அரளி போன்ற நச்சுச்செடிகளின் குச்சிகள் உண்மையிலேயே ஆபத்தானவை.

விறகு பற்றிய பிறகு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். சுவாலை அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து, உள்ளே செக்கச்செவேலென்று கனல வேண்டும். அப்போது ஒரு கட்டையால் கங்குகளை ஓரமாக இழுத்து, இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். குளிர்காய்வதற்கான நெருப்பு மறுபக்கம் எரியட்டும்.

சூட்டைப் பார்க்க உள்ளங்கையே போதும். தணலுக்கு மேலே, 10 முதல் 12 செ.மீ. உயரத்தில் கையை நீட்டி நிதானமாக எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுக்கத் தோன்றினால் சூடு அதிகம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள். நான்கு, ஐந்து வரை தாங்க முடிந்தால் சரியான பதம். எட்டுக்கு மேலும் தாங்கினால் இன்னும் கங்கு இழுத்துப்போடுங்கள்.

பழத்தைக் கீறுவது

தோலை உரிக்காதீர்கள். பழத்தின் உள்வளைவு மேலே பார்க்கும்படி படகு போல வையுங்கள். இரு முனையிலும் 2 செ.மீ. விட்டு, நடுவில் நீளவாக்கில் கீறுங்கள். கத்தி சதையில் முக்கால் ஆழம் இறங்கினால் போதும். அடித்தோல் கிழிந்தால் உருகிய சாக்லேட்டெல்லாம் ஃபாயிலுக்குள் ஒழுகிவிடும். முனைகளை லேசாக அழுத்தினால் கீறல் வாய் திறக்கும். ஒரு பழத்துக்கு 20 கிராம் சாக்லேட்டைத் துண்டுகளாக உள்ளே அழுத்தி, பருப்பைத் தூவி, உப்பை விரல் நுனியால் தொட்டுப் போடுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை தேவையே இல்லை.

பொட்டலம்

வீட்டில் பயன்படுத்தும் ஃபாயில் தலைமுடியைவிட மெல்லியது. சுட்ட கங்கின் முனை குத்தினாலே கிழியும், அதனால் இரண்டு சுற்றாகச் சுற்றுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். சுவாலைக்குள்ளும் ஊதிவிட்ட கங்கிலும் சூடு அந்த அளவை எட்டக்கூடும், சாம்பல் பூத்த தணலில் அந்தப் பயமில்லை. கீறல் இருக்கும் பக்கம் ஃபாயிலைத் தூக்கிச் சேர்த்து முறுக்கி, குடுமி போல விடுங்கள். இருட்டில் எது மேல்பக்கம் என்று அதுதான் காட்டும், இடுக்கியால் பிடிக்கவும் வசதி.

நன்றாக மூடிய பொட்டலத்துக்குள் பழத்தின் நீரே ஆவியாகி அதை வேகவைக்கும். ஈரம் இருக்கும்வரை பழம் 100 டிகிரியைத் தாண்டி அதிகம் சூடாகாது. அதனால்தான் கருகாமல் குழைகிறது.

தணலில் வைப்பது

குடுமி மேலே இருக்க, தணல்மேல் வையுங்கள். 5 முதல் 10 நிமிடம் ஆகும். கவிழ்க்கக் கூடாது. பாதியில் ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்தால் இரு முனையும் சமமாக வேகும். இடுக்கியால் அழுத்தும்போது மெத்தென்று இருந்தால் எடுத்துவிடலாம். திறந்து பார்த்தால் தோல் கன்னங்கரேலென்று இருக்கும். அது அப்படித்தான் ஆகும், உள்ளே பழம் நன்றாகவே இருக்கும்.

இரண்டு நிமிடம் ஆறவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு பிரியுங்கள், ஆவி சுடும். உருகிய சாக்லேட் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும், குழந்தைகளுக்கு நீங்கள் தொட்டுப்பார்த்த பிறகே கொடுங்கள். தோலிலிருந்தே ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட வேண்டியதுதான்.

ஆப்பிளில் செய்ய

அடிப்பக்கம் துளைபடாமல் நடுத்தண்டைக் குடைந்து எடுத்து, ஒரு டீஸ்பூன் வெண்ணெய், இரண்டு டீஸ்பூன் பழுப்புச் சர்க்கரை, பட்டைத் தூள், உலர்திராட்சை நிரப்பி அதேபோல் சுற்றுங்கள். தணலின் ஓரத்தில் நிறுத்தி, அவ்வப்போது திருப்பிவிட்டால் 25 முதல் 35 நிமிடத்தில் வெந்துவிடும். கிரானி ஸ்மித் போன்ற புளிப்பு வகை உருக்குலையாமல் நிற்கும். இரண்டையும் செய்வதானால் ஆப்பிளை முதலில் வையுங்கள். அன்னாசி செய்வதானால் மட்டும் ஃபாயிலுக்கு உள்ளே பட்டர் பேப்பர் போடுங்கள், அதன் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

படுக்கப் போகும் முன்

சாம்பலுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். மண்ணைப் போட்டு மூடினால் சூடு உள்ளேயே அடங்கி இருக்குமே தவிர அணையாது. தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோய், வெப்பமே இல்லை என்று தெரிந்த பிறகு சாம்பலைத் தொட்டுப் பாருங்கள். ஃபாயில் எரிந்து போகாது, அதைச் சுருட்டிப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். சாக்லேட் ஒட்டிய தோல்களைக் கூடாரத்தருகே விடாதீர்கள், வாசனை பிடித்து விலங்குகள் வரும். இறுக்கமாக மூடும் பாத்திரத்தில் போட்டு, படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.