பொய் சொல்லும் விளையாட்டை ஆடும்போது செய்யக்கூடாத தவறுகள்

1984இல் இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்ட ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ என்ற கணினி விளையாட்டில் படமே கிடையாது. திரையில் எழுத்து வரும், நாம் பதிலுக்குக் கட்டளையைத் தட்டச்சு செய்யவேண்டும். எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் தன் கதையை இன்ஃபோகாமின் ஸ்டீவ் மெரெட்ஸ்கியுடன் சேர்ந்து விளையாட்டாக்கினார். ஆடுபவரைச் சீண்டிப் பார்ப்பதில் இருவருக்கும் அலாதி ஆசை. புதிதாக ஆடுபவர்கள் எங்கெங்கே சறுக்குவார்கள் என்று சொல்கிறேன். சில விடைகளும் கூடவே வந்துவிடும், தானாகக் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

முதல் தவறு, விளையாட்டு சொல்வதை நம்புவது. இந்த வகை விளையாட்டுகளில் ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு: பாத்திரங்கள் பொய் சொல்லலாம், ஆனால் அறையை விவரிக்கும் குரல் பொய் சொல்லாது. நமக்குக் கண்ணும் காதும் அந்தக் குரல்தானே! இங்கே அதுதான் ஏமாற்றுகிறது. ஹார்ட் ஆஃப் கோல்டு விண்கலத்தில் என்ஜின் அறைக்குப் போகப் பார்த்தால், அது பயங்கர ஆபத்தான இடம், நிச்சயமாகப் போகத்தான் வேண்டுமா என்று கேட்கும். பெரும்பாலானோர் திரும்பிவிடுவார்கள். பிடிவாதமாக நுழைந்தாலும், இங்கே பார்க்க எதுவுமே இல்லை என்று கைவிரிக்கும். சரி, ஒன்றுமில்லை போல என்று வெளியே வந்தால் போச்சு. மறுபடி மறுபடி ‘லுக்’ (பார்) என்று அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கோபித்துக்கொள்ளும். அதற்கும் அசையாமல் இன்னொரு முறை கேட்டால், சரி சரி, சில பொருள்கள் இருக்கின்றன என்று ஒப்புக்கொள்ளும். கதையை நகர்த்தும் இயந்திரமே அங்கேதான் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டிலேயே நல்ல நகைச்சுவை இதுதான்.

இருட்டிலும் இதே குறும்பு. உன்னால் பார்க்க முடியாது, கேட்க முடியாது என்று புலன்களை வரிசையாக அடுக்கும். பட்டியலில் எந்தப் புலன் விடுபட்டிருக்கிறது என்று கவனித்து அதைப் பயன்படுத்தினால் வெளியே வரலாம். சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதைத்தான் படிக்கவேண்டும்.

அடுத்தது, ஆரம்பத்தில் அவசரப்படுவது. வீட்டை இடிக்க புல்டோசர் வருகிறது, பூமியே அழியப்போகிறது என்ற பரபரப்பில் வாசலில் கிடக்கும் விளம்பரத் தபாலையும் படுக்கையறைப் பல் துலக்கும் பிரஷ்ஷையும் யார் எடுப்பார்கள்? எடுக்கவேண்டும். பூமி போன பிறகு திரும்ப வர வழியில்லை. இதைவிட மோசம் அந்த நாய். பப்பில் வாங்கிய சீஸ் சாண்ட்விச்சை வழியில் நிற்கும் நாய்க்குப் போடாவிட்டால் அப்போது ஒன்றும் நடக்காது. ரொம்ப நேரம் கழித்து, நுண்ணளவு போர்க்கப்பலுக்குள் நாம் இருக்கும்போது அதே நாய் நம்மை விழுங்கும். கடைசியில் மார்வின் என்ற ரோபோ ஒரு கருவி கேட்கும். பத்துக் கருவிகளில் நாம் எடுக்காமல் விட்டது எதுவோ, சரியாக அதையே கேட்கும். அசல் அயோக்கியத்தனம்!

அதனால் ஒரே சேமிப்புக் கோப்பை மேலே மேலே எழுதாதீர்கள். அசல் பதிப்பில் ‘அண்டூ’ (செய்ததைத் திரும்பப் பெறும் வசதி) கிடையாது. பூமியில் ஒன்று, பூமியை அழிக்கும் வேற்றுக்கிரகவாசிகளான வோகான்களின் கப்பலில் ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள்.

காதில் போட்டால் எந்த மொழியையும் புரியவைக்கும் பேபல் மீனை ஓர் இயந்திரத்திலிருந்து எடுக்கும் புதிரில், பாதி வெற்றியோடு அதன் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதும் தவறு. மீன் இருப்பு குறைவு. ஒவ்வொரு முறையும் மீன் எங்கே போய்த் தொலைகிறது என்று பார்த்து, அந்த வழியை மட்டும் அடைக்கவேண்டும்: சுவரின் ஓட்டைக்கு அங்கி, வடிகாலுக்குத் துண்டு, ரோபோ நுழையும் பலகைக்குப் பை, பைமேல் அந்த விளம்பரத் தபால். இதைத் தீர்த்தவர்களுக்கென்று இன்ஃபோகாம் டி-ஷர்ட்டே விற்றது.

குறிப்புப் புத்தகம் இருக்கிறதே என்று தெம்பாக இருக்கவும் முடியாது. கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட அந்தப் புத்தகங்களில் விளையாட்டிலேயே இல்லாத விஷயங்களைப் பற்றியும் போலிக் கேள்விகளைச் சேர்த்திருந்தார்கள்.

உங்களிடம் இருப்பவை பட்டியலில் ‘தேநீர் இல்லை’ என்று ஒரு வரி வரும். ஜோக் என்று கடந்துபோகாதீர்கள், அது உண்மையிலேயே ஒரு பொருள். பின்னால் ஒரு கதவு திறக்க, தேநீரையும் ‘தேநீர் இல்லை’யையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கவேண்டும். அதற்கு முன் உங்கள் மூளைக்குள்ளேயே போய்ப் பொதுப்புத்தித் துகளை அகற்றியாகவேண்டும்.