இங்கிலாந்துப் பதிவேடுகளில் உங்கள் மூதாதைப் பெண் ஒருவரைத் தேடுவது எப்படி

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கல்யாணம் ஆனதும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடும். அதனால் அவள் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதி வாழ்க்கை கைக்கு வராது. அவளைப் பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள், கணவன், பிள்ளைகள் என்று சுற்றியிருந்தவர்களின் தாள்களை எல்லாம் புரட்ட வேண்டும்.

முதலில் பிள்ளைகளைப் பிடியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, கல்யாணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு தொடங்கியது, பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயருக்கும் இடம் உண்டு. பழைய அச்சு அட்டவணைகளில் அந்தப் பெயர் 1911 ஜூலை முதல்தான் வரும், ஆனால் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் ஆன்லைன் அட்டவணையில் 1837 முதலே இருக்கிறது. தகப்பன் குடும்பப் பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துப் போட்டால் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். நடுவில் நாலைந்து வருஷம் இடைவெளி தெரிந்தால் இறப்பு அட்டவணையையும் பாருங்கள், சென்சஸ் எடுப்பதற்குள் பிறந்து இறந்துபோன குழந்தை அங்கே இருக்கலாம். அந்தக் குழந்தையை விட்டுவிட்டு எழுதினால் அவள் கதை முழுசாகாது.

அப்புறம் கல்யாணச் சான்றிதழ். இதில் மணமக்கள் இருவரின் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும், தாயின் பெயர் இருக்காது (அது சேர்க்கப்பட்டதே 2021இல்தான்). அதனால் சாட்சிக் கையெழுத்துகளை விடாதீர்கள்: அக்காவோ தம்பியோ அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறியும் பக்கத்தில் குருவானவர் எழுதிய பெயரும் இருந்தால், அவளுக்கு எழுதத் தெரிந்திருக்காது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சென்சஸில் 1841ஐ அப்படியே நம்ப வேண்டாம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 34 வயதுக்காரி 30 ஆகிவிடுவாள். உறவு முறையும் பிறந்த ஊரும் 1851 முதல்தான் கிடைக்கும். ஊர் தெரிந்துவிட்டால் அந்த ஊர்த் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போகலாம். 1813 முதல் அச்சிட்ட படிவம் என்பதால் பெற்றோர் பெயர், குடியிருப்பு, தகப்பன் தொழில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சென்சஸில் வீட்டில் மாமியார் (mother-in-law) என்று ஒருவர் இருந்தால், அது குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதையே சொல்கிறது, அதாவது மனைவியைப் பெற்றவள், அவள் குடும்பப் பெயரே நீங்கள் தேடுவதாக இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் மாற்றாந்தாயையும் அதே சொல்லால் எழுதியிருக்கிறார்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெண்ணின் தொழில் கட்டம் காலியாக இருந்தால் வேலையே செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். துணி துவைத்தும் தைத்தும் குடும்பத்தைத் தாங்கிய எத்தனையோ பேருக்கு அந்தக் கட்டம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

அவள் 1911 வரை உயிரோடு, கணவனோடு இருந்தால் அந்தச் சென்சஸை அவசியம் பாருங்கள். கல்யாணமாகி எத்தனை வருஷம், பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை என்று கேட்டிருப்பார்கள்.

உயில் விஷயத்தில் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. 1883க்கு முன்னால் மணமான பெண் பொதுவாகக் கணவன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது, விதவைகளும் மணமாகாதவர்களும் எழுதலாம். ஆகவே அவள் தகப்பனின் உயிலைத் தேடுங்கள், மகள் பெயரையும் அவள் யாருக்கு மனைவி என்பதையும் ஒரே வரியில் சொல்லியிருந்தால் இரண்டு குடும்பப் பெயர்களும் அங்கேயே இணைந்துவிடும். 1858 ஜனவரிக்குப் பிந்தையவை அரசு உயில் பதிவகத்தில், முந்தையவை திருச்சபை நீதிமன்றங்களின் ஆவணங்களில்.

இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் இன்னாருடைய மனைவி அல்லது விதவை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். தகவல் சொன்னவர் பெயரைப் பாருங்கள்: மகளாக இருந்தால் அவளுடைய புகுந்த வீட்டுப் பெயரும் முகவரியும் கிடைக்கும், அடுத்த தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.